கணக்கை விளையாட்டாக எழுதுவது எப்படி, வாசகரைக் குழப்பாமல்

சதுரங்கப் பலகையும் அரிசியும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டத்தையும் நிரப்பித் தரச் சொல்லி ராஜாவை முழிக்கவைத்த கதை. கேரளத்து அம்பலப்புழையில் இதே கதையில் அரிசி கேட்டவர் கிருஷ்ணர், அந்தக் கடன் இன்னும் தீராததால்தான் கோயிலில் இன்றும் பால்பாயசம் தருகிறார்கள் என்பார்கள். கணக்கைப் பற்றி நான் முதன்முதலில் எழுதிய கட்டுரை இந்த அரிசிக் கதைதான். ராஜாவுக்கு முறுக்கு மீசை வைத்தேன், மந்திரிக்கு வயிற்றைக் கலக்கவைத்தேன், களஞ்சியக் கணக்குப்பிள்ளையை மயக்கம் போட்டு விழவைத்தேன், கடைசியில் 18,446,744,073,709,551,615 என்ற எண்ணைப் போட்டு அதன் பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறியும் போட்டேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ராஜா கதை நல்லாருக்குடா. இதுல கணக்கு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

எங்கேயும் இல்லை. மீசை இருந்தது, கணக்கு இல்லை. பயந்துபோய் அடுத்த கட்டுரையைப் பாடப்புத்தகம் மாதிரி எழுதினேன், அதைச் சித்தி இரண்டாவது பத்தியிலேயே மடித்து வைத்துவிட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று சில வருடங்கள் தடுமாறியதில் எனக்குக் கிடைத்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: விளையாட்டைத் தேடும் முன் ஒரு வரி எழுதுங்கள்

கட்டுரையைப் படித்து முடித்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லப்போகிறார் என்றால் அது என்ன? அதை ஒரு துண்டுச்சீட்டில் முழு வாக்கியமாக எழுதுங்கள். "இரட்டிப்பின் அற்புதம்" என்பது வாக்கியம் இல்லை, தலைப்பு. சரியா தப்பா என்று ஒருவர் சோதித்துப் பார்க்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

அரிசிக் கதைக்கு நான் பிறகு எழுதிக்கொண்ட வரி இது: எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அதற்கு முன்னால் வைத்த அத்தனை அரிசியையும் சேர்த்தால் வருவதைவிட அதில் ஒரு அரிசி அதிகம். 1, 2, 4 மூன்றையும் கூட்டினால் 7, அடுத்த கட்டத்தில் 8. 8-ஐயும் சேர்த்தால் 15, அடுத்தது 16. வாசகர் விரல் விட்டே பார்த்துவிடலாம். இந்த வரி கைக்கு வந்ததும் மீசையும் மயக்கமும் தானாக உதிர்ந்துவிட்டன, ஏனென்றால் சொல்ல வேண்டிய வேடிக்கை இதற்குள்ளேயே இருந்தது.

எண்ணையும் அதே மாதிரி கைக்குள் கொண்டுவர வேண்டும். 20 இலக்க எண்ணை யாரும் வாசிப்பதில்லை, கண் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு அரிசி 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 11-ஆம் கட்டத்தில் 1,024 அரிசி, சுமார் 20 கிராம், ஒரு சிறங்கைகூட நிறையாது. 21-ஆம் கட்டத்தில் 21 கிலோ, கடையில் வாங்கும் ஒரு சிப்பத்துக்குக் கொஞ்சம் குறைவு. 31-ஆம் கட்டத்தில் 21 டன், இரண்டு லாரி பிடிக்க வேண்டும். 41-இல் 22,000 டன். பத்துக் கட்டத்துக்கு ஒருமுறை ஆயிரம் மடங்கு, அவ்வளவுதான் விஷயம். மொத்தப் பலகைக்கும் சுமார் 36,900 கோடி டன் வரும். உலகம் முழுக்க ஒரு வருடத்தில் விளையும் அரிசி ஏறக்குறைய 50 கோடி டன் என்றால், 700 வருட விளைச்சலும் போதாது. சிறங்கையிலிருந்து சிப்பம், சிப்பத்திலிருந்து லாரி என்று ஏறி வந்தவருக்குக் கடைசி எண்ணைப் பார்த்ததும் ஆச்சரியம் தானாக வரும், ஆச்சரியக்குறி தேவையில்லை.

படி 2: அடித்துப் பாருங்கள்

எழுதியதில் ஒவ்வொரு வேடிக்கையையும் பென்சிலால் அடித்துவிட்டுப் படியுங்கள். அதை எடுத்த பிறகும் கணக்கு அப்படியே புரிகிறது என்றால் அது மாலை, தோரணம். எடுத்ததும் விளக்கம் சரிந்துவிடுகிறது என்றால் அது தூண். தோரணமே கூடாது என்று சொல்லமாட்டேன், ஒன்றிரண்டு இருந்தால் வீடு கலகலப்பாக இருக்கும். ஆனால் ஒரு கட்டுரையில் மூன்று தூணும் ஒரு தோரணமும் இருக்கலாம், மூன்று தோரணமும் ஒரு தூணும் இருந்தால் கூரை நிற்காது.

மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்காவின் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் 1957 முதல் கால் நூற்றாண்டு கணித விளையாட்டுப் பத்தி எழுதினார். அவர் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை, படித்தது தத்துவம். அந்தப் பத்திக்கு வழிவகுத்தது 1956 டிசம்பரில் அவர் எழுதிய ஒரு கட்டுரை. காகிதப் பட்டையை முக்கோணம் முக்கோணமாக மடித்து ஒட்டி, அறுகோணமாக்கி, அதை மலர்த்தினால் உள்ளே ஒளிந்திருக்கும் புதுமுகம் வெளியே வரும். படித்தவர்கள் கத்தரிக்கோலைத் தேடி எழுந்தார்கள். அந்தக் காகிதத்தை நீக்கிவிட்டு அந்தக் கட்டுரையை எழுதவே முடியாது. தூண் என்று நான் சொல்வது அதைத்தான்.

படி 3: வாசகரை முதலில் ஊகிக்கவிடுங்கள், பிறகு சின்ன அளவில் செய்து காட்டுங்கள்

பிறந்தநாள் புதிர் பழைய சரக்குதான், ஆனாலும் பயிற்சிக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஒரு அறையில் குறைந்தது எத்தனை பேர் இருந்தால், அதில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டும்? பெரும்பாலானவர்கள் 183 என்பார்கள், 365-இல் பாதி. விடை 23. இதை வாசகருக்குச் சொல்லும் முன் ஒரு நொடி நிறுத்தி, "மனசில் ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் போதும். ஊகம் தப்பாகிப் போனவருக்குத்தான் விளக்கத்தில் அக்கறை வரும்.

அடுத்ததுதான் பலர் சறுக்கும் இடம். 365-ஐ வைத்துக்கொண்டு நேராகப் பெருக்கலில் இறங்கிவிடுகிறோம். அதைவிட, நம் வீடுகளிலேயே இருக்கும் ஒரு சின்னப் பட்டியலை எடுங்கள்: 27 நட்சத்திரம். சந்திரன் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு நாள் இருக்கிறது, அதனால் குழந்தைகள் 27-லும் கிட்டத்தட்ட சமமாகவே விழும். (ஜோசியத்தை நம்ப வேண்டியதில்லை. நமக்கு 27 பெட்டி வேண்டும், பாட்டி ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்.) பந்தியில் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கு ஒரே நட்சத்திரம் இருக்குமா?

தலைகீழாகக் கேட்பது சுலபம்: ஒருவருக்கொருவர் மோதாமல் ஏழு பேரும் தப்பிக்கும் வாய்ப்பு என்ன? முதல் ஆள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். இரண்டாம் ஆளுக்கு 27-இல் 26 காலி, மூன்றாம் ஆளுக்கு 25, இப்படியே ஏழாம் ஆளுக்கு 21. எல்லாரும் தப்பிக்க வேண்டும் என்பதால் பெருக்குகிறோம்: 26/27 × 25/27 × 24/27 × 23/27 × 22/27 × 21/27. கால்குலேட்டரில் தட்டினால் 0.43 வரும். ஆக, யாராவது இருவர் ஒரே நட்சத்திரமாக இருக்கும் வாய்ப்பு 57 விழுக்காடு. வெறும் ஏழே பேர்! இதைப் பார்த்த பிறகு 365 பெட்டிக்கு 23 பேர் என்பது அதே ஆட்டத்தைப் பெரிய பலகையில் ஆடுவதுதான். 364/365-இல் தொடங்கி 343/365 வரை 22 பின்னங்களைப் பெருக்கினால் 0.493, அதாவது மோதும் வாய்ப்பு 50.7 விழுக்காடு. 40 பேர் உள்ள வகுப்பறையில் அது 89.

இங்கே ஒரு குறுக்குவழி நம்மை இழுக்கும். 23 பேரில் எத்தனை ஜோடி? 253. "253 ஜோடி, 365 நாள், அதனால்தான்" என்று முடித்துவிடலாம் என்று தோன்றும். உள்ளுணர்வுக்கு ஜோடிதான் சரியான திறவுகோல், நானும் அதைச் சொல்வேன். ஆனால் 253-ஐ 365-ஆல் வகுத்தால் 69 விழுக்காடு வரும், அது விடை இல்லை. ஆகவே ஜோடியைச் சொல்லிவிட்டு, "இது ஏன் என்று உணரவைக்கும், எவ்வளவு என்று சொல்லாது" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் கவனமான வாசகர் தானே வகுத்துப் பார்த்து, 69-க்கும் 50.7-க்கும் இடையில் தனியாக மாட்டிக்கொண்டு நிற்பார்.

இன்னொன்று. கணக்கு எல்லா நாளும் சமம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்த நிபந்தனையைச் சொல்லும்போதுதான் கட்டுரைகள் தூங்கிவிடும். நான் இப்படி எழுதினேன்: உங்கள் அப்பா, பெரியப்பா, அத்தையின் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் மே மாதமோ ஜூன் முதல் வாரமோ பிறந்திருப்பார்கள். ஊரில் அந்த மாதத்தில் மட்டும் அப்படிப் பிள்ளை பெற்றார்கள் என்று அர்த்தமில்லை, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஐந்து வயது நிறைய வேண்டும் என்று வாத்தியார் போட்ட தேதி அது. அப்படியானால் அந்தத் தலைமுறை நிறைந்த அறையில் 23 பேர்கூடத் தேவைப்படாது. நாள்கள் சமமாக இல்லாமல் ஓரிடத்தில் குவிந்தால் மோதும் வாய்ப்பு கூடத்தான் செய்யும், ஒருபோதும் குறையாது. வாசகர் சிரித்த அதே இடத்தில் நிபந்தனையும் புரிந்துவிட்டது. இப்படி ஒரு இடம் கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

படி 4: வாசகர் கையில் பென்சிலைக் கொடுங்கள்

1729 பற்றி எழுதாத தமிழ் இதழ் இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் ராமானுஜன், பார்க்க வந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி, டாக்ஸியின் எண் சுவாரசியமில்லாதது என்று அவர் சொன்னது, இல்லையில்லை என்று இவர் சொன்னது, இரண்டு கன எண்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான், ஆகா மேதை, முற்றும். இதில் வாசகருக்குக் கிடைப்பது மேதைமேல் பக்தி மட்டும். கணக்குப் பக்கம் ஒரு அடிகூட அவர் நகரவில்லை, இன்னும் கொஞ்சம் விலகியே போயிருப்பார், "அதெல்லாம் நமக்கு வராது" என்று.

பென்சிலைக் கொடுத்துப் பாருங்கள். 1 முதல் 12 வரை ஒவ்வொன்றையும் மும்முறை பெருக்கி எழுதச் சொல்லுங்கள்: 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729, 1000, 1331, 1728. இந்த வரிசையை உற்றுப் பார்த்தால் 1728-உம் 1-உம் சேர்ந்து 1729 என்பது கண்ணில் படும். 1000, 729 இரண்டையும் பாருங்கள், அதுவும் 1729. இரண்டு நிமிட வேலை. அப்புறம் அடுத்த கதவைத் திறக்கலாம்: 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தால் 12-இன் கனத்தைவிட ஒன்றே ஒன்றுதான் அதிகம். பூஜ்யத்தைவிடப் பெரிய இரண்டு முழு எண்களின் கனங்கள் கூடி இன்னொரு முழு எண்ணின் கனமாக ஆகவே முடியாது என்பது ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் கூற்றில் ஒரு பகுதி. இப்படி ஒன்றால் தவறிப்போகும் எண்களை ராமானுஜன் தன் குறிப்பேடுகளில் ஏற்கெனவே தேடியிருந்தார். ஆக, படுக்கையில் அவர் சொன்னது வானத்திலிருந்து விழுந்ததில்லை, ரொம்ப நாள் பழகிய எண். ஃபிரெனிக்கிள் என்ற பிரெஞ்சுக்காரர் 1657-லேயே அதைக் கவனித்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மாயம் குறைந்தால் கதையின் சுவை குறைந்துவிடும் என்று பயந்துதான் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கென்னவோ இப்போதுதான் கும்பகோணத்துத் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் போட்டுப் போட்டு அழிக்கிற ஒரு மனிதரைப் பார்க்க முடிகிறது.

படி 5: உவமை எங்கே உடைகிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்

தமிழில் கணக்கு எழுதுகிறவர்கள் கட்டாயம் சந்திக்கும் ஒரு செய்யுள் உண்டு. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை, அதாவது சாய்ந்த பக்கத்தை, வர்க்கமும் வர்க்கமூலமும் இல்லாமல் கண்டுபிடிக்க வழி: நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளு, மிச்சத்தோடு உயரத்தில் பாதியைச் சேர். "பித்தாகரஸை மிஞ்சிய தமிழன்" என்ற தலைப்போடு இது பல வருடமாகச் சுற்றுகிறது. நீளம் 4, உயரம் 3 என்றால் 3.5-உம் 1.5-உம் சேர்ந்து 5, சரி. நீளம் 12, உயரம் 5 என்றால் 10.5 + 2.5 = 13, அதுவும் சரி. இரண்டு உதாரணம் சரியாக வந்ததும் கட்டுரை கைதட்டலோடு முடிந்துவிடும்.

நீளம் 10, உயரம் 1 என்று போட்டுப் பாருங்கள். 8.75 + 0.5 = 9.25. சாய்ந்து கிடக்கும் பக்கம் தரையில் கிடக்கும் பக்கத்தைவிடக் குட்டையாகிவிட்டது! ஏணியைச் சுவரில் சாய்த்தவர் சிரிப்பார். 3-ஐ நீளமாகவும் 4-ஐ உயரமாகவும் மாற்றிப் போட்டால் அதே முக்கோணத்துக்கே 4.625 வருகிறது.

அப்படியானால் செய்யுள் தப்பா? இந்தக் கேள்வியில்தான் நல்ல கட்டுரை இருக்கிறது. வழியைப் பித்தாகரஸின் விதியோடு சமன்படுத்திப் பார்த்தால், அது துல்லியமாக வருவது இரண்டே வடிவங்களில்: நீளமும் உயரமும் 4-க்கு 3, 12-க்கு 5. அந்த இரண்டு வடிவங்களுக்கும் நடுவில் விழுகிற எந்தச் சாய்வுக்கும் பிழை நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 2-க்கு 1 என்றால் செய்யுள் 2.25 என்கிறது, உண்மை 2.236. கூரைச் சரிவுக்கு மரம் அறுக்கும் ஆசாரிக்கு இது போதும், போதும் என்பதற்கு மேலேயே போதும். வெளியே போனால் காலை வாரும். இப்படி எழுதினால் செய்யுளைப் புனைந்தவர்மேல் மதிப்பு கூடுகிறது, ஏனென்றால் அவர் எதற்காக அதைச் செய்தார் என்பது தெரிகிறது. எல்லையைச் சொன்னால் குஷி போய்விடும் என்பது வெறும் பயம். எனக்கு வந்த கடிதங்களில் பாதி "10, 1 போட்டுப் பார்த்தேன், அட" என்றுதான் இருந்தன. மீதி என்னைத் தமிழ்த் துரோகி என்றன, அது வேறு விஷயம்.

உவமைகளுக்கும் இதே விதி. முடிவிலியை நிரம்பிய லாட்ஜாகச் சொல்லி, எல்லாரையும் ஒரு அறை தள்ளிப் போகச் சொன்னால் புதிதாக வந்தவருக்கு முதல் அறை கிடைத்துவிடும் என்று விளக்குவார்கள். நல்ல விளையாட்டு. ஆனால் நிஜ லாட்ஜில் கடைசி அறை உண்டு, இங்கே கிடையாது, அதனால்தான் இது நடக்கிறது என்ற ஒரு வாக்கியம் வராவிட்டால் வாசகருக்கு இது வெறும் கண்கட்டு.

படி 6: கதைக்காக நிபந்தனையைத் தின்றுவிடாதீர்கள்

ஒரு டி.வி. போட்டியில் மூன்று கதவு, ஒன்றின் பின்னால் கார், இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைக் காட்டுகிறீர்கள், தொகுப்பாளர் வேறொன்றைத் திறந்து ஆட்டைக் காட்டி, மாற்றிக்கொள்கிறீர்களா என்கிறார். 1975-இல் ஸ்டீவ் செல்வின் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் இதைப் புதிராகப் போட்டார். 1990-இல் மரிலின் வாஸ் சாவன்ட் என்ற அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் தன் பத்தியில் "மாறுவதே நல்லது" என்று எழுதியதும் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன, கணிதப் பேராசிரியர்கள்கூடத் திட்டினார்கள். மாறினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்பது சரிதான். ஆனால் அது எப்போது சரி? தொகுப்பாளருக்குக் கார் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஆட்டுக்கதவைத்தான் திறப்பார் என்பது விதியாக இருக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் திறந்து தற்செயலாக ஆடு வந்திருந்தால் மாறினாலும் மாறாவிட்டாலும் ஒன்றுதான். இந்தப் புதிரை மறுபடி சொல்பவர்களில் பலர் ஆட்டின் தாடியை வர்ணிப்பார்கள், இந்த விதியை விட்டுவிடுவார்கள். எழுதி முடித்ததும் உங்கள் கதையில் யாருக்கு என்ன தெரியும், யார் எதைக் கட்டாயம் செய்வார் என்று மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

படி 7: சொற்கள்

கலைச்சொல்லை முதலில் போட்டுவிட்டு அப்புறம் விளக்காதீர்கள், பொருள் முதலில் வரட்டும். ஏழு பேர் பந்தி முடிந்த பிறகு "இதைத்தான் நிகழ்தகவு என்கிறோம்" என்றால் சொல் ஒட்டிக்கொள்ளும். ஒரு கட்டுரையில் ஒரு பொருளுக்கு ஒரே சொல். பாடலில் அழகுக்காக நிலவு, மதி, திங்கள் என்று மாற்றலாம், கணக்கில் வாய்ப்பு, சாத்தியம், நிகழ்தகவு என்று மாற்றினால் வாசகர் மூன்று பொருள் என்று நினைத்துக்கொள்வார்.

கடல் தாண்டியும் வாசகர்கள் இருப்பதை மறக்க வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் பகா எண், இலங்கையில் முதன்மை எண். இங்கே முக்கோணம், அங்கே முக்கோணி. இங்கே கணம், அங்கே தொடை. எண்களை வரிசை வரிசையாக அடுக்கும் அணி என்பது அங்கே தாயம், மதுரைக்காரர் அதைப் படித்தால் சோழி உருட்டப் போய்விடுவார். முதல்முறை வரும்போது இரண்டையும் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

அதே சமயம் மொழியிலேயே தயாராக இருக்கும் விளையாட்டை விடாதீர்கள். அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதன் பெயர் என்ன? மாகாணி. கூட்டல் கணக்கையே பெயராக வைத்திருக்கிறார்கள். பின்னங்களைக் கூட்டப் பகுதியை ஏன் சமமாக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான தொடக்கம் வேறு எந்த மொழியில் கிடைக்கும் என்று தெரியவில்லை.

படி 8: சமன்பாடு, சிரிப்பு, சில கெட்ட வார்த்தைகள்

ஒவ்வொரு சமன்பாடும் வாசகர்களில் பாதிப் பேரை விரட்டிவிடும் என்று பதிப்பாளர்கள் மத்தியில் ஒரு பயம் உண்டு. அப்படியென்றால் பத்துச் சமன்பாடு போட்டால் 1,024 பேரில் ஒருவர் மிஞ்சுவார், லட்சம் பேர் படிக்கும் இதழில் 98 பேர். (மறுபடியும் அரிசிப் பலகை, இந்த முறை தலைகீழாக.) அவ்வளவு மோசமில்லை. வாசகரை விரட்டுவது சமன்பாடு இல்லை, வாய்விட்டுப் படிக்க முடியாத சமன்பாடு. எழுதியதைச் சத்தமாகத் தமிழில் சொல்லிப் பாருங்கள்; "இரண்டாம் ஆளுக்கு 27-இல் 26 காலி" என்று சொல்ல முடிந்தால் அந்தப் பின்னம் இருக்கட்டும்.

நகைச்சுவையை வாதத்தின் நடுவில் வைக்காதீர்கள். ஆற்றைக் கல் கல்லாகத் தாண்டிக்கொண்டிருப்பவரிடம் பாதியில் ஜோக் சொன்னால் தண்ணீரில் விழுவார். ஒரு கரையை அடைந்த பிறகு சொல்லுங்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதும் முக்கியம்: ராஜாவைப் பார்த்து, வாத்தியார் போட்ட பிறந்தநாளைப் பார்த்து, உங்களைப் பார்த்து. 183 என்று ஊகித்த வாசகரைப் பார்த்து மட்டும் வேண்டாம்.

"எளிதில் காணலாம்", "வெளிப்படை", "சின்னக் குழந்தைக்கும் தெரியும்". இவற்றை அடித்துவிடுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை.

படி 9: ஒருவரிடம் கொடுத்து, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

"புரிந்ததா" என்று கேட்காதீர்கள். மரியாதைக்குப் புரிந்தது என்பார்கள். "இதை அக்காவுக்கு எப்படிச் சொல்வீங்க" என்று கேளுங்கள், எங்கே வண்டி நிற்கிறது என்று தெரிந்துவிடும். திருத்திய அரிசிக் கட்டுரையைச் சித்தியிடம் கொடுத்தபோது அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அப்போ கடைசி ஒரு கட்டத்தை மட்டும் ராஜா தள்ளுபடி கேட்டிருந்தா, பாதிக் கடன் போயிருக்குமே?" என்றார். நான் கட்டுரையில் எழுதாத வரி அது. உடனே எழுதிச் சேர்த்துவிட்டேன்.

எண்களை மறுநாள் காலையில் வேறொரு வழியில் போட்டுப் பாருங்கள், அதே கால்குலேட்டரில் அதே வரிசையில் தட்டினால் அதே தப்புதான் வரும். அப்படியும் தப்பு வரும். வந்தால் எது தப்பு, எது சரி, எதனால் என்று மூன்றையும் சொல்லித் திருத்தம் போடுங்கள். அந்தக் கட்டுரையிலேயே நான் 64-ஆம் கட்டத்தில் இரண்டை 64 முறை பெருக்கினால் வரும் அரிசி இருக்கும் என்று எழுதிவிட்டேன். முதல் கட்டத்தில் ஒன்றுதானே, பெருக்கல் இரண்டாம் கட்டத்தில்தான் தொடங்குகிறது, அதனால் 63 முறைதான் என்று பள்ளி மாணவி ஒருத்தி அஞ்சலட்டையில் எழுதியிருந்தாள். அடுத்த இதழில் அதைத் திருத்தி, பிசகிய அளவையும் சேர்த்துப் போட்டேன்: ஒரே ஒரு பெருக்கல், 18,400 கோடி டன் அரிசி.